பேனா எழுதிய பாதி

எனக்குச் சந்தேக குணம் அதிகம். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவளுக்குச் சந்தேகம் வராவிட்டால்தான் அதிசயம். வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளைக்கு உண்மையிலேயே வலிக்கிறதா, பென்சில் தொலைந்ததா அல்லது யாராவது எடுத்தார்களா, வீட்டுப்பாடம் பிள்ளை எழுதியதா அக்கா எழுதிக் கொடுத்ததா என்று தினமும் தீர்ப்புச் சொல்லிச் சொல்லியே அது ஊறிப்போய்விட்டது. என் வீட்டுக்காரர் சிவதாணு, நாங்கள் குடியிருக்கும் கரமனையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "இவ போலீசுல சேர்ந்திருக்க வேண்டியவ. வழி தெரியாம பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டா."

தங்கபாயைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என்னைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. அவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு வருஷம். அந்த வருஷத்தைக் கெடுத்தவள் நான்.

திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். ஒன்றிலிருந்து நாலு வரை தமிழ்வழி வகுப்புகள். நான் அங்கே தலைமையாசிரியை, எல்லோருக்கும் எச்.எம். டீச்சர். பிள்ளைகளின் அப்பாமார் ஓட்டலில் புரோட்டா போடுவார்கள், லாட்ஜில் படுக்கை விரிப்பார்கள், கட்டிட வேலைக்குப் போவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குத் தினக்கூலி ஆசிரியையாக வந்தாள் தங்கபாய். வயது முப்பத்துநாலு. போனக்காட்டு எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் தேயிலைத் தொழிலாளிகள். ஆசிரியப் பயிற்சி முடித்து, அரசு வேலைக்கான தேர்வு எழுதி, தேர்வுப் பட்டியலில் பெயரும் வந்து, கூப்பிடும் முன்பே பட்டியலின் காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷத்தில் ஏழு பள்ளிக்கூடம். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஒரு நேர்முகம், ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு விடைபெறல். புருஷன் தாசையன் தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான். இதையெல்லாம் முதல் வாரத்திலேயே நான் விசாரித்து வைத்துக்கொண்டேன். ஏழு பள்ளிக்கூடம் மாறியவளிடம் ஏதோ கோளாறு இருக்கும் என்று அப்போதே மனதில் ஒரு முடிச்சுப் போட்டேன். தினக்கூலிக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் மாறுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது வாரம் அவள் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். சுவர் முழுக்கக் குப்பை. பிஸ்கட் உறை, சோப்பு உறை, அப்பளக் கட்டுத் தாள், தீப்பெட்டி மூடி, பழவங்காடி கோயில் பிரசாத உறை. எல்லாவற்றையும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள்.

"இது என்ன டீச்சரே, ஆக்கிரிக் கடையா?" என்று கேட்டேன். ஆக்கிரிக் கடை என்றால் பழைய சாமான் கடை.

"பிள்ளைங்களுக்கு இது எல்லாம் ஏற்கனவே வாசிக்கத் தெரியும் டீச்சரே," என்றாள். "சோப்புப் பேரு தெரியாத பிள்ள உண்டா? எனக்கு வாசிக்கத் தெரியும்னு மொதல்ல அதுக்கே ஒரு நம்பிக்கை வரட்டும். அதுக்குப் பிறகு புத்தகம் எடுத்தா மதி, அது போதும்."

பதில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. பதிலைத் தயாராக வைத்திருப்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அதற்குப் பிறகு அவள் செய்தவை எல்லாமே எனக்கு ஒவ்வொரு துப்பாகத் தெரிந்தன. மதிய உணவுக்குப் பின் பத்து நிமிஷம் வகுப்பில் சத்தமே வராது. தூங்குகிறாளோ என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு படப்புத்தகத்துடன் தரையில் கிடந்தார்கள், சிலர் குப்புற, சிலர் மல்லாந்து. அவளும் தரையில் உட்கார்ந்து தனக்கென்று ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வாசிப்பதைப் பார்த்தால்தான் பிள்ளைக்கும் வாசிக்கத் தோன்றுமாம். சம்பளம் வாங்கிக்கொண்டு கதைப்புத்தகம் வாசிக்க இது ஒரு வழி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பத்தொன்பது பிள்ளைகளையும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் செய்து பழவங்காடி வரைக்கும் கூட்டிப்போய்க் கடைப் பலகைகளை வாசிக்க வைத்தாள். தமிழ்ப் பலகை ஒன்று கண்ணில் பட்டால் முதலில் பார்த்த பிள்ளை எல்லோருக்கும் உரக்க வாசிக்க வேண்டும். முன்கூட்டி என்னிடம் அனுமதி வாங்கித்தான் போனாள். ஆனாலும் நான் ஆயாவைப் பின்னாலேயே அனுப்பினேன். போகிற வழியில் சொந்தக் காரியம் ஏதாவது பார்க்கிறாளா என்று தெரிய வேண்டுமே. ஆயா திரும்பி வந்து, "ஒண்ணும் இல்ல டீச்சர், ஒரு பிள்ள 'இங்கு பழைய நகை வாங்கப்படும்'னு வாசிச்சு, அத ஏன் வாங்குதாங்கன்னு கடைக்காரர்கிட்டயே கேட்டுச்சு," என்று சிரித்தாள். மறுநாள் வகுப்பில் அதுதான் பாடம். ஏன் வாங்குகிறார்கள் என்று பிள்ளைகள் சொன்ன காரணத்தையெல்லாம் அவர்கள் வாயில் வந்தபடியே பெரிய தாளில் எழுதித் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளை சொன்னது எழுத்தாக மாறுவதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. சிவப்பு மையை அவள் கையால் தொட்டதே இல்லை.

இனி நாட்குறிப்பு விஷயத்துக்கு வருகிறேன். கேரளத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் பெற்றோருடன் சேர்ந்து நாட்குறிப்பு எழுதுகிறார்கள். 'சம்யுக்த டைரி' என்பார்கள். அன்று நடந்ததில் ஒன்றைப் பிள்ளை சொல்ல வேண்டும். தனக்குத் தெரிந்த எழுத்தைப் பென்சிலால் எழுத வேண்டும். தெரியாத எழுத்தை அம்மாவோ அப்பாவோ பேனாவால் நிரப்ப வேண்டும். வருஷம் போகப் போகப் பேனா குறையும், பென்சில் கூடும். நல்ல ஏற்பாடு. ஆனால் நல்ல ஏற்பாடு எதிலும் கள்ளம் நுழையும் என்று நான் நம்பினேன். ஒரு வருஷம் முன்பு வேறொரு பிள்ளைக்கு டியூஷன் அக்கா முழுவதையும் எழுதிக் கொடுத்ததை நானே கண்டுபிடித்தேன். அதனால் அந்த ஆகஸ்டில் எல்லா வீட்டுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன்: பெற்றோர் தங்கள் கையால் மட்டுமே எழுத வேண்டும், வேறு யாராவது எழுதியது தெரிந்தால் நாட்குறிப்பு ஏற்றுக்கொள்ளப்படாது. கீழே கையெழுத்து, பள்ளி முத்திரை.

ஜனவரியில் உபஜில்லா கல்வி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு பள்ளியும் நல்ல நாட்குறிப்பாகப் பத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும், அச்சில் போடுவார்கள். கூடவே, இவை பிள்ளையும் பெற்றோரும் எழுதியவைதான் என்று எச்.எம். உறுதிமொழி கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற காரியமென்றால் எனக்கு மூளை இன்னும் கூர்மையாகிவிடும். தங்கபாய் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போய் மேசையில் பரப்பினேன்.

உண்மையைச் சொன்னால், அவை போல நாட்குறிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. 'இன்று பைப்பில் தண்ணி வரல. அம்மா எனக்கு மூஞ்சி மட்டும் கழுவினா.' 'அப்பா கையில கம்பி குத்திச்சு. அப்பா வலிக்கலன்னாரு. எனக்கு வலிச்சுது.' ஆறு வயதுப் பிள்ளைகள். மற்றப் பள்ளிகளிலிருந்து வருபவை எல்லாம் 'இன்று நல்ல நாள், நான் பல் தேய்த்தேன்' என்று இருக்கும். வாசிக்க வாசிக்க எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். பத்தில் ஏழு நாட்குறிப்புகளில் பேனா எழுத்து ஒரே கை. அழுத்தி எழுதி எழுதி அடுத்த பக்கம் வரை தடம் விழுந்த கை.

ஏழு பிள்ளைகளும் ஓடையோரத் தோட்டுக்கரையில் ஒரே வரிசை லைன் வீடுகளில் குடியிருக்கிறவர்கள். ஏழு வீட்டிலும் எப்படி ஒரே கை எழுதும்? தங்கபாயின் பாடத்திட்ட நோட்டை எடுத்து ஒப்பிட்டேன். அவளுடைய 'ழ'வும் இந்த 'ழ'வும் ஒன்று போலவே இருந்தன. இன்று சொல்கிறேன், சந்தேகத்தோடு பார்த்தால் யாருடைய எழுத்தும் யாருடைய எழுத்தைப் போலவும் தெரியும். இன்னொன்றும் கவனித்தேன். ஜூலையில் ஒரு வரியில் முக்கால்வாசி பேனா. ஜனவரியில் ஒரு வரிக்கு ஓர் எழுத்து. பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாகக் குறைத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

மறுநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டேன்.

"தங்கபாய் டீச்சரே, இந்த ஏழு டைரியிலயும் பேனா எழுத்து ஒண்ணு போல இருக்கே. கவனிச்சியளா?"

"கவனிச்சேன் டீச்சரே."

"யாரு எழுதினது?"

"வீட்லதான் எழுதுறாங்க."

"ஏழு வீட்டிலயும் ஒரே கையா?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைங்க சொன்னதத்தானே எழுதியிருக்கு, அல்லே டீச்சரே. அதுல ஒரு வார்த்த கூட பெரியவங்க பேச்சு இல்ல. நான் அத மட்டும்தான் பார்த்தேன்," என்றாள்.

அந்தக் கொஞ்ச நேர மௌனம் போதுமாக இருந்தது எனக்கு. குற்றவாளியின் மௌனம் என்று எடுத்துக்கொண்டேன்.

இருந்தாலும் சாட்சி இல்லாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு திங்கட்கிழமை காலையில் நானே பள்ளி கேட்டில் நின்று, அவள் கைக்குப் போகும் முன் ஏழு நாட்குறிப்புகளையும் வாங்கிப் பார்த்தேன். பேனா எழுத்து அதில் ஏற்கனவே இருந்தது. அப்படியானால் அவள் எழுதவில்லை என்று வேறு யாரும் நினைத்திருப்பார்கள். நான் நினைத்தது, அப்போ அவர்கள் வீட்டுக்கே போய் எழுதிவிடுகிறாள் என்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாசையனின் ஆட்டோ தோட்டுக்கரையில் நிற்பதை ஆயா பார்த்திருந்தாள். பிள்ளைகளுக்கும் அம்மாமாருக்கும் கதை வாசித்துக் காட்டத் தங்கபாய் போகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவும் அன்று எனக்கு ஒரு சாட்சிதான்.

அந்த வாரமே லைன் வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணி. ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். முதல் வீடு விஜய்குமாரின் வீடு.

"டைரியில பேனா எழுத்து யாரு எழுதுறது?" என்று அவன் அம்மாவிடம் கேட்டேன்.

"நாந்தான் டீச்சர்."

"எப்படி எழுதுவீங்க? இந்தாங்க, உங்க பேர எழுதிக் காட்டுங்க."

"கை ஈரமா இருக்கு டீச்சர்," என்றாள். துடைத்துக்கொள்ளத் துண்டு தோளிலேயே கிடந்தது.

இரண்டாவது வீட்டிலும் 'நாந்தான்'. மூன்றாவது வீட்டிலும் 'நாந்தான்'. அந்தப் பெண் திருவனந்தபுரத்திலேயே பிறந்து மலையாளம் படித்தவள், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி வீடு ஷிஜாவினுடையது. ஷிஜாவின் அம்மா பொன்னம்மை ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள், அன்று அவளுக்கு மத்தியான ஷிப்ட். அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் எழுதுதேன் டீச்சர்," என்றாள்.

ஏழு வாயிலும் ஒரே பொய். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பதில் எனக்கு இனிச் சந்தேகமே இல்லை. சந்தேகம் நீங்கிய நிம்மதியோடு பள்ளிக்கு நடந்தேன். அன்றைக்கே உட்கார்ந்து உபஜில்லா ஆபீசுக்கு அறிக்கை எழுதினேன். நாட்குறிப்புகளின் பெற்றோர் பகுதியை வகுப்பு ஆசிரியையே எழுதியிருப்பதாக நம்ப இடமிருக்கிறது, பெற்றோரைப் பொய் சொல்லத் தூண்டியிருப்பதாகவும் தெரிகிறது, இவரை மீண்டும் நியமிப்பதைப் பரிந்துரைக்க இயலாது. அந்தக் கடைசி வரி அடுத்த ஜூனில் நேர்முகத்துக்கு வரும்போது அவளுக்கு என்ன செய்யும் என்பது தெரிந்துதான் எழுதினேன். ஒன்பது வருஷம் அவள் ஏறி இறங்கிய படிகளில் கடைசிப் படியை நான் எடுத்துவிட்டேன்.

மார்ச் இரண்டாவது வாரத்தில் படிப்பு விழா. பிள்ளைகள் கற்றதை ஊருக்குக் காட்டுகிற நாள். பெற்றோர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவார்கள். வந்தவர்கள் ஒரு நோட்டில் கருத்து எழுத வேண்டும் என்று வைத்திருந்தோம். பெரும்பாலும் பெயர் மட்டும் எழுதுவார்கள், இல்லையென்றால் 'நன்று'. எல்லோரும் போன பிறகு நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் நாலு வரி. அழுத்தி எழுதி அடுத்த பக்கத்தில் தடம் விழுந்திருந்தது. கீழே பெயர் உச்சிமாகாளி, ஷிஜாவின் அப்பா.

ஆயாவை ஓட விட்டேன். பஸ் நிறுத்தத்தில் பொன்னம்மையோடும் ஷிஜாவோடும் நின்றுகொண்டிருந்தவர் திரும்பி வந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டிடங்களில் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுகிற வேலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டைரியில எழுதினது நீங்களா?"

"ஆமா டீச்சர்."

"ஏழு பேருக்கும்?"

"ஆமா. மத்த வீடுகள்ல தமிழ் எழுத ஆளில்ல டீச்சர். நான் பன்னெண்டு வரைக்கும் படிச்சவன். வேலை முடிஞ்சு வந்து பைப்படியில உட்காருவேன். பிள்ளைங்க வரிசையா வரும். இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேப்பேன். அது சொல்லும். இதுல எந்த எழுத்து ஒனக்கு வரும்னு கேப்பேன். அத அது எழுதின பெறவுதான் நான் பேனாவத் தொறப்பேன். நானா ஒரு வார்த்த சேர்க்கல டீச்சர்."

"நான் நோட்டீஸ் அனுப்பியிருந்தேனே."

"அத எல்லாருக்கும் படிச்சுச் சொன்னதே நாந்தான்," என்றார். "வேற ஆளு எழுதினா ஏத்துக்க மாட்டாவன்னு இருந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் பயந்துட்டாவ. யாரு வந்து கேட்டாலும் அவங்கவங்க நாந்தான்னு சொல்லிருங்கன்னு பேசிக்கிட்டோம். என் வீட்டுக்காரியும் அப்படியே சொல்லிட்டா."

"பெறகு ஏன் எழுதுனீங்க? நிறுத்தியிருக்கலாமே."

"பிள்ளைங்க வந்து நிக்குது டீச்சர். எப்படி இல்லன்னு சொல்ல? தப்பு என் மேலதான். பிள்ளைங்கள ஒண்ணும் செஞ்சிராதிய."

பொன்னம்மை அன்று மட்டும் 'என் வீட்டுக்காரர்' என்று சொல்லியிருந்தால் எல்லாம் அன்றே விளங்கியிருக்கும். அவள் வாயை அடைத்தது என்னுடைய முத்திரை. ஏழு வீட்டுக்குப் பொய் சொல்லிக்கொடுத்த அந்த யாரோ நான்தான். எனக்கு அவமானமாக இருந்தது. உச்சிமாகாளியை அனுப்பிவிட்டு நெடுநேரம் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே ஆபீசுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் அறிக்கை தவறு, தவறு என்னுடையது, அதை ரத்து செய்ய வேண்டும் என்று. மறுநாள் தங்கபாயைக் கூப்பிட்டு இரண்டு கடிதத்தின் நகலையும் அவள் முன் வைத்தேன். அவள் நின்றுகொண்டே இரண்டையும் வாசித்தாள், முதலாவதை இரண்டு தடவை.

"யாரோ ஒருத்தர்தான் எழுதுறாருன்னு எனக்குத் தெரியும் டீச்சரே," என்றாள். "யாருன்னு நான் கேக்கல. கேட்டாத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா உங்ககிட்டச் சொல்லணும். சொன்னா ஏழு டைரியும் போயிரும்."

"அதை நான் கேட்டப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கல டீச்சரே. பதில வச்சுக்கிட்டுத்தான் என்னக் கூப்பிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

ஜூனில் நேர்முகம் நடந்தது. குழுவில் நான், பெற்றோர் சங்கத் தலைவர், ஆபீசிலிருந்து வந்த ஸ்ரீகுமார். தங்கபாய் உள்ளே வந்து உட்கார்ந்தாள். இருபது நிமிஷம் நன்றாகப் பதில் சொன்னாள். அவள் வெளியே போனதும் ஸ்ரீகுமார் கோப்பைத் திறந்து என்னுடைய இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"டீச்சரே, இதுல எதை நம்பணும்? ரெண்டுலயும் உங்க கையெழுத்து, உங்க ஒப்புதான் கெடக்கு."

"ரெண்டாவது."

"மொதலாவது எழுதினப்போ உறப்பு இல்லாமலா ஒப்புப் போட்டீங்க?"

"உறுதியாத்தான் இருந்தேன்."

"பின்னே ரெண்டாவதுலயும் அதே உறுதிதானே," என்று சிரித்தார். "யாராவது வந்து பாவம்னு சொல்லியிருப்பாங்க, டீச்சர் மனசு மாறியிருக்கும். சாரமில்ல, போகட்டும். ஆனா நமக்குப் பிரச்னை இல்லாத ஆள் மதி."

நான் எவ்வளவோ சொன்னேன். கருத்து நோட்டைக் காட்டினேன். ஷிஜாவின் நாட்குறிப்பைத் திறந்து கையெழுத்தை ஒப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "எந்தக் கையெழுத்தும் பார்த்தா ஒண்ணு போலத்தான் தோணும், டீச்சரே," என்றார். வேறொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கபாய்க்கு அந்த வருஷம் வேறு எந்த அரசுப் பள்ளியிலும் இடம் கிடைக்கவில்லை. இப்போது நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் பிள்ளைகளைப் பஸ்ஸிலிருந்து இறக்கி ஏற்றும் வேலையில் இருக்கிறாள் என்று தாசையன் சொன்னான். அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பத்தொன்பது பிள்ளைகளும் இரண்டாம் வகுப்புக்கு வந்தார்கள். எங்கள் பள்ளியில் எச்.எம்.முக்கும் ஒரு வகுப்பு உண்டு. இரண்டாம் வகுப்பை நானே எடுத்துக்கொண்டேன். தங்கபாய் செய்ததையெல்லாம் செய்வது என்று தீர்மானித்தேன். மதியம் பத்து நிமிஷம் நானும் தரையில் உட்கார்ந்து வாசித்தேன், முழங்கால் வலியோடு. உறைகளை மறுபடி சுவரில் ஒட்டினேன். நாட்குறிப்பையும் தொடரச் சொன்னேன். யார் வேண்டுமானாலும் உதவலாம் என்று புதிதாக ஒரு நோட்டீசும் அனுப்பினேன்.

நாட்குறிப்புகள் வந்தன. 'இன்று நல்ல நாள். நான் பள்ளிக்குச் சென்றேன்.' அடுத்ததிலும் அதே. தோட்டுக்கரைப் பிள்ளைகள் ஏழு பேருடையதிலும் அதே. பேனாவே இல்லை, ஒரு பிழையும் இல்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த எழுத்தை மட்டும் வைத்து, யாரையும் எதிலும் மாட்டிவிடாத இரண்டு வரி.

ஜூலையில் ஒரு சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போனேன். உச்சிமாகாளி பைப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தார். மறுபடி பிள்ளைகளோடு உட்காருங்கள் என்று கேட்டேன். "நமக்கு எதுக்கு டீச்சர் வம்பு," என்று சொல்லிவிட்டு, மரியாதையாக ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நானே பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஷிஜாவை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டேன். நோட்டோடு வந்தாள்.

"இன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

அவள் பென்சிலைத் தாளில் வைத்தாள். சொல்ல அவளிடம் ஏதோ இருந்தது, உதடு அசைந்தது. முதல் எழுத்தைக்கூட எழுதிவிட்டாள். பிறகு நிறுத்தி, கதவுப் பக்கம் நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இத ஆருகிட்டக் காட்டுவிய?"

"ஆருகிட்டயும் காட்ட மாட்டேன், மக்களே," என்றேன்.

ஷிஜா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை ஒரு பெரியவளை எடை போடுகிற பார்வை அது. பிறகு தலையைக் குனிந்து, எழுதிய ஓர் எழுத்தையும் ரப்பரால் அழித்துவிட்டு, நோட்டை மூடினாள்.